ஏழாம் சமன்பாட்டில் வைத்த முள்

பிப்ரவரி 9

டாக்டரம்மாவுக்கு,

போனில் பேசினால் நீ அழுவாய், நான் கத்துவேன், உன் அண்ணன் நடுவில் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார். அதனால் எழுதுகிறேன். எழுத்தில் இருந்தால் பின்னால் யாரும் "நான் அப்படிச் சொல்லவே இல்லையே" என்று கையை விரிக்க முடியாது.

நேற்று எங்கள் கணித டிபார்ட்மென்ட் மாடிப்படியில் பக்கத்து அறைப் பேராசிரியர் என்னை நிறுத்தினார். "வாழ்த்துகள் மேடம். உங்க நாத்தனார் பெரிய ஜர்னல்ல பேப்பர் போட்டிருக்காங்களே. கடைசியில உங்களுக்குக்கூட நன்றி சொல்லியிருக்காங்க" என்றார். நூலகத்துக்குப் போய், நின்றபடியே படித்தேன். இரண்டு பெயர்கள். ஒன்று நீ, இன்னொன்று உன் சீஃப். நான் எங்கே என்று பக்கம் பக்கமாகத் தேடினேன். கடைசிப் பக்கத்தில், காகிதம் கொடுத்த அலுவலகத்துக்கும் படுக்கை கொடுத்த கம்பெனிக்கும் கீழே இருந்தேன். "கணக்கைச் சரிபார்க்க உதவிய உறவினர் ஒருவருக்கு நன்றி."

உறவினர் ஒருவர்! எழுதும்போது உனக்குக் கை கூசவில்லையா?

பிறக்கும்போது மூச்சுத் திணறிய குழந்தையை மூன்று நாள் குளிர்ப் படுக்கையில் போட்டு, பிறகு மெல்லச் சூடேற்றுவோம் என்று நீதான் எனக்குச் சொன்னாய். எவ்வளவு மெல்ல என்று எங்களில் யாருக்கும் சரியாகத் தெரியாது என்றும் நீதான் சொன்னாய். அந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நான் எட்டு வருடம் உட்கார்ந்தேன். குழந்தையின் தலையை ஓர் உருண்டையாக வைத்து, அதற்குள் வெப்பம் எப்படி நகரும், ரத்தம் அதை எப்படித் தூக்கிக்கொண்டு ஓடும் என்று வாஷிங் மெஷின் பக்கத்தில் போட்ட மேஜையில் நாற்பத்தொரு பக்கம் எழுதினேன். போன ஜூனில், "சும்மா படிச்சுப் பாக்கறேன் அண்ணி" என்று நீ வாங்கிக்கொண்டு போன அதே நாற்பத்தொரு பக்கம். குறியீடுகளைக்கூட நீ மாற்றவில்லை.

ஜர்னலுக்குப் புகார் எழுதிவிட்டேன். அதோடு என் கையெழுத்துப் பிரதியின் நகலையும் அனுப்பியிருக்கிறேன். கட்டுரையின் முதல் பெயராக என் பெயர் வர வேண்டும். அதற்குக் குறைந்த எதற்கும் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. என் ஆராய்ச்சிக் காலத்தில் என் வழிகாட்டி என்னுடைய ஓர் அத்தியாயத்தை அப்படியே எடுத்துக்கொண்டார் என்று உனக்குத் தெரியும். அன்றிலிருந்து வீட்டை விட்டு வெளியே போகும் என் ஒவ்வொரு வரைவிலும் ஒரு முள் வைத்துத்தான் அனுப்புவேன். தெரிந்தே ஒரு தவறு. படிக்கிறவர் அந்த இடத்தில் தடுக்கி விழுந்து, "இது எப்படி வந்தது?" என்று என்னைக் கேட்பார். உடனே சரியானதைக் கொடுத்துவிடுவேன். திருடுகிறவர் கேட்கமாட்டார். நீ கேட்கவில்லை.

எங்கே என்று சொல்லமாட்டேன். ஏப்ரலில் மாநாட்டில் உனக்கு மெடல் கொடுக்கிறார்களாமே. நானும் வருகிறேன். மேடையில் நீ ஏறின பிறகு, எல்லோருக்கும் முன்னால் எழுந்து நின்று ஒரே ஒரு கேள்வி கேட்பேன். அதற்கு உன் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்கத்தான் நான் இப்போது சோறு தின்கிறேன்.

உறவினர் ஒருவர்


பிப்ரவரி 14

அண்ணி அவர்களுக்கு,

அண்ணன் உங்கள் கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு, டீகூடக் குடிக்காமல் ஓடிவிட்டார். பாவம், அவரைத் தபால்காரராக்கிவிட்டோம்.

உங்கள் பெயரை எடுத்தது சீஃப். "வார்டுல கால் வைக்காதவங்க பேர் எதுக்கு?" என்றார். நான் சண்டை போடவில்லை. அது தப்புத்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் திருட்டு என்று எழுதியதைப் படித்ததும் எனக்கு வந்த கோபத்தில், மன்னிப்புக் கேட்க எடுத்த பேனாவை மூடி வைத்துவிட்டேன். ஐந்து நாள் கழித்து இப்போதுதான் திறக்கிறேன்.

நாலு வருடமாக அதை வெளியிடுங்கள் என்று உங்களிடம் கெஞ்சினேனா இல்லையா? ஒவ்வொரு முறையும் "ஒரு நிரூபணம் பாக்கி, குட்டி" என்பீர்கள். விடை ஒன்றுதான் இருக்கிறது, இரண்டாவது விடை இருக்க முடியாது என்று நிரூபிக்க வேண்டுமாம். எங்கள் வார்டில் குளிர்ப் படுக்கை இரண்டே இரண்டு. இரண்டிலும் குழந்தைகள் கிடக்கும்போது மூன்றாவதாக ஒன்று வந்தால், வாசலில் நிற்கிற அப்பனிடம் போய் "இரண்டாவது விடை இல்லை என்று எங்கள் அண்ணி நிரூபிக்கும் வரை பொறுங்கள்" என்று சொல்லட்டுமா? உங்கள் சமன்பாடு சூடேற்றும் நேரத்தைப் பாதியாக்குகிறது. பாதி நேரம் என்றால் ஒரு படுக்கை சீக்கிரம் காலியாகும். எனக்கு அது போதும். நான் அதை எடுத்து உபயோகப்படுத்தினேன். நீங்கள் டிராயரில் வைத்துப் பூட்டியிருந்தீர்கள்.

உங்கள் டிபார்ட்மென்டிலிருந்து எங்கள் வார்டுக்கு நடந்தால் பத்து நிமிடம். எட்டு வருடத்தில் ஒரே ஒரு தடவை வந்தீர்கள். அதுவும் கண்ணாடிக்கு வெளியே நின்று, "தலை சுற்றளவு எவ்வளவு?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனீர்கள். உள்ளே கிடந்த குழந்தை ஆணா பெண்ணா என்றுகூடக் கேட்கவில்லை.

முள்ளாவது மண்ணாங்கட்டியாவது! பெரிய பெரிய ஆட்கள் இரண்டு பேர் அந்தக் கட்டுரையைப் பார்த்து அனுமதித்திருக்கிறார்கள். நவம்பரிலிருந்து உங்கள் ஏழாம் சமன்பாட்டை அட்டவணையாக்கி, லேமினேட் செய்து, இரண்டு படுக்கைகளுக்கும் மேலே மாட்டியிருக்கிறேன். தலையை டேப்பால் அளந்து, அட்டையைப் பார்த்து, அதில் போட்டிருக்கிற நேரத்தில் சூடேற்றுகிறோம். உங்கள் கணக்கு இப்போது சுவரில் தொங்கி வேலை செய்கிறது, அண்ணி. உங்களிடம் இருந்திருந்தால் வாஷிங் மெஷின் தண்ணீர் பட்டு நனைந்திருக்கும்.

மாநாட்டுக்கு வாருங்கள். முன்வரிசையில் இடம் போட்டு வைக்கிறேன்.

உங்கள் நாத்தனார்


பிப்ரவரி 15

குட்டி,

ஒன்பது முறை போன் செய்தேன். நீ எடுக்கவில்லை. வார்டு வாசல்வரை வந்தேன். காவலாளி உள்ளே கேட்டுவிட்டு வந்து, "மேடம் இப்போ பாக்க மாட்டாங்களாம்மா" என்றார். அவருடைய நாற்காலியில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். இப்போதே படி.

அட்டையைக் கழற்று.

முள் ஏழாம் சமன்பாட்டில்தான் இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், குழந்தையின் தலைத்தோல் வெப்பத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெளியே விடும் என்று எழுதியிருக்கிறேன். ஏழாம் சமன்பாட்டில், தோல் தடையே இல்லாமல் விடும் என்றால் வரக்கூடிய எண்ணைப் போட்டிருக்கிறேன். பை, அதாவது 3.14. இரண்டு பக்கத்தையும் சேர்த்துப் படித்தவர் யாராக இருந்தாலும் அந்த இடத்தில் நின்று கேட்டிருப்பார். சரியான எண் இரண்டே கால். அதை வர்க்கம் எடுத்து வகுக்கிறோம். அதனால்தான் உன் அட்டையில் நேரம் பாதியாகி நிற்கிறது. ஐந்து மணி நேரம் என்று நீ மாட்டியிருப்பது உண்மையில் பத்து. சமன்பாடு எதையும் மிச்சப்படுத்தவில்லை. மிச்சம் என்று நீ நினைத்தது என்னுடைய பொய்.

அது காகிதத்திலேயே கிடக்கும் என்று நினைத்தேன். சுவரில் ஏறும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

உன்னைக் காப்பாற்ற இதை எழுதவில்லை. உன் மேல் எனக்குள்ள கோபம் அப்படியே இருக்கிறது. கோபத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். முதலில் அட்டையைக் கழற்று.


பிப்ரவரி 18

அண்ணி அவர்களுக்கு,

நீங்கள் கொடுத்துவிட்டுப் போன சீட்டை சீஃபிடம் காட்டினேன். படித்துவிட்டுச் சிரித்தார். "குடும்பச் சண்டையை வார்டுக்குள்ள கொண்டு வராதீங்க டாக்டர்" என்றார். எனக்கு அவமானமாக இருந்தது.

யோசித்துப் பாருங்கள். ஒன்பதாம் தேதி, முள் எங்கே என்று சொல்லமாட்டேன், மேடையில் வைத்து உன்னை நாறடிப்பேன் என்கிறீர்கள். பதினைந்தாம் தேதி, ஐயோ குழந்தைகள் என்று பதறுகிறீர்கள். எதை நம்புவது? மெடலுக்கு முன்னால் நானே என் அட்டையைக் கழற்றி, நானே தவறு என்று சொல்லிக்கொண்டால் உங்களுக்கு மேடை ஏற வேண்டிய அலைச்சல்கூட இல்லை. பழிவாங்குவதற்குக் குழந்தைகளைச் சாக்காக இழுப்பீர்கள் என்று நான் நினைத்ததில்லை.

அட்டை மாட்டிய பிறகு பதினொரு குழந்தைகளைச் சூடேற்றியிருக்கிறோம். பதினொன்றும் நல்லபடியாக வீட்டுக்குப் போயின. ஒன்றுக்குக்கூட வலிப்பு வரவில்லை. மணிக்கு மணி எழுதிய வெப்பத் தாள்களின் நகலை இதோடு வைத்திருக்கிறேன். பெயர்களை அடித்துவிட்டேன். உங்களுக்கு எண்கள் போதுமே. நீங்களே பாருங்கள், பார்த்துவிட்டு என்னை விட்டுவிடுங்கள்.

அட்டை சுவரில்தான் இருக்கிறது.


பிப்ரவரி 19

டாக்டரம்மாவுக்கு,

பார்த்தேன். நீயும் ஒரு தடவை பார்த்திருக்கலாம்.

பதினொரு குழந்தைகள். பதினொரு தாள். எல்லாத் தாளிலும் வெப்பம் ஒரே அளவு தவறாமல் ஏறுகிறது. ஒரு மணிக்கு இவ்வளவு, அடுத்த மணிக்கு அதே அளவு, அதற்கடுத்தும் அதே. எந்தக் குழந்தையும் எந்த மணியிலும் ஒரு புள்ளிகூட முன்னே பின்னே போகவில்லை. நான் எழுதிய சமன்பாடே இவ்வளவு ஒழுங்காக நடக்காது. உயிருள்ள குழந்தை நடக்குமா? சிறுநீர் கழிக்கும், கையை உதறும், யாரோ கதவைத் திறப்பார்கள், எண் கொஞ்சம் ஆடும். இந்த எண்கள் ஆடவே இல்லை. இவை படுக்கையிலிருந்து வந்தவை அல்ல. உன் அட்டையைப் பார்த்து யாரோ மேஜையில் உட்கார்ந்து எழுதியவை.

மருத்துவம் எனக்குத் தெரியாது. பொய் எண் எப்படி இருக்கும் என்று தெரியும். நானே ஒன்று வைத்தவள்தானே.

உன் குளிர்ப் படுக்கையின் மெஷினுக்கு நினைவு இருக்கும். அதில் உள்ள எண்களை எடுத்துப் பார். என்னை நம்ப வேண்டாம். மெஷினுக்கு உன் மேல் எந்தக் கோபமும் இல்லை.


பிப்ரவரி 24

அண்ணி,

அட்டையை இருபதாம் தேதி காலையில் கழற்றிவிட்டேன். அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

மெஷினிலிருந்து எண்களை எடுத்தேன். பதினொரு குழந்தைகளும் ஐந்து மணி நேரத்தில் சூடாகவில்லை. பத்து, பத்தரை, ஒன்று பதினொன்று. தாளைக் கையில் எடுத்துக்கொண்டு பெரிய சிஸ்டரிடம் போனேன். இருபத்தாறு வருடமாக அந்த வார்டில் இருக்கிறவர். மறைக்கவில்லை, மழுப்பவும் இல்லை. பால் பாட்டில்களை அடுக்கிக்கொண்டே சொன்னார்.

"ஆமா மேடம், நான்தான் எழுதினேன். அந்த முதல் பாப்பாவுக்கு நீங்க சொன்ன வேகத்துலதான் ஏத்தினேன். நாலாவது மணி நேரத்துல கை வெட்டி வெட்டி இழுக்க ஆரம்பிச்சுது. உங்ககிட்ட சொன்னேன். 'அது பொறக்கறப்போ மூச்சு திணறினதால, சிஸ்டர்'னு சொல்லிட்டீங்க. நான் என்ன உங்ககிட்ட சண்டையா போட முடியும்? அதுக்கப்புறம் என் பழைய வேகத்துலயே ஏத்தினேன். தாள்ல உங்க வேகத்தை எழுதினேன். படுக்கை ஏன் காலியாகலன்னு கேட்டப்பல்லாம் மெஷின் தொடைக்கறோம்னு சொன்னேன்."

உங்கள் எட்டு வருடத்தின் விடை அந்த அம்மாவின் கையில் இருந்திருக்கிறது. பத்து மணி நேரம். நாம் இரண்டு பேருமே அவரைக் கேட்கவில்லை.

முதல் பாப்பாவைப் பற்றி உங்களுக்கு நான் எழுதவில்லை. பட்டியலில் பதினொன்று. வார்டில் பன்னிரண்டு. அந்த முதல் குழந்தையை "வெள்ளோட்டம்" என்று சொல்லிக் கணக்கிலிருந்து எடுத்துவிட்டேன். பெண் குழந்தை. தலை சுற்றளவு முப்பத்திரண்டரை, நீங்கள் கேட்பீர்கள் என்பதால் சொல்கிறேன். தலை சிறியது என்பதால் அட்டை அதற்கு இன்னும் குறைந்த நேரம் காட்டியது. நாலரை மணி நேரம். இப்போது மூன்று மாதம் முடிந்துவிட்டது. வலிப்புக்கு மருந்து கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இடது கையை அதிகம் அசைப்பதில்லை. பிறக்கும்போதே வந்ததா, நான் சூடேற்றியதால் வந்ததா என்று எந்த ஸ்கேனும் எனக்குச் சொல்லப்போவதில்லை. நான் ஐந்து நாளாக அந்த ஸ்கேனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

நான் திருடினேன் அண்ணி. வாய்விட்டுச் சொல்கிறேன், திருடினேன். ஆனால் நல்லது என்று நினைத்து எடுத்தேன். நீங்கள் கெட்டது என்று தெரிந்தே வைத்தீர்கள். மருத்துவமனையில் வேலை செய்கிறவளிடம், குழந்தைகளுக்கான கணக்கு என்று சொல்லி, தெரிந்தே ஒரு தவறான எண்ணைக் கொடுத்தீர்கள். நான் கேட்கிறேனா இல்லையா என்று சோதிக்க! என்னைச் சோதிக்க வேறு ஏதாவது கிடைக்கவில்லையா உங்களுக்கு?

நீங்கள் கேட்டது உங்களுக்குக் கிடைக்கும். அதை நான் பார்த்துக்கொள்கிறேன்.


மார்ச் 2

குட்டிக்கு,

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். நாலு முறையும் பதில் எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது.

நான் வைத்தது ஓர் எண். எனக்கு எண் எப்போதும் எண்ணாகத்தான் இருந்திருக்கிறது. பைக்குப் பதில் இரண்டே கால், இரண்டே காலுக்குப் பதில் பை. கரும்பலகையில் அழித்து எழுதுகிற விஷயம். அதன் மறுபக்கத்தில் ஒரு கை இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. நினைத்திருக்க வேண்டும் என்று நீ சொல்வாய். சொல்லு. ஆனால் கேட்டிருக்க வேண்டியது நீ. ஒரு வார்த்தை கேட்டிருந்தால், "அண்ணி, ரெண்டாம் பக்கத்துல ஒண்ணு சொல்றீங்க, இங்க வேற மாதிரி இருக்கே" என்று ஒரு வார்த்தை, அன்றைக்கே முள்ளைப் பிடுங்கியிருப்பேன். உனக்கு அவசரம். உன் சீஃபுக்கு உன்னைவிட அவசரம்.

குழந்தைக்கு இடது கை என்றாயே, விரல்களாவது மடங்குகின்றனவா? பாலை ஒழுங்காகக் குடிக்கிறதா? உன் அண்ணனிடம் கேட்டேன். "நீயே அவளைக் கேளு" என்று சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார். இப்போதெல்லாம் அவர் நம் இருவர் கடிதத்தையும் தூக்கிக்கொண்டு போகும்போது முகத்தைப் பார்க்க முடிவதில்லை.

இன்னொன்று. ஜர்னலுக்கு இன்று எழுதியிருக்கிறேன். என் புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன். அந்தக் கட்டுரையில் எனக்கு எந்த உரிமையும் வேண்டாம். நீ எழுதினாய், நீயும் உன் சீஃபும் பெயர் போட்டீர்கள், நீங்களே திரும்பப் பெறுங்கள். உறவினர் ஒருவர் என்று போட்டாயே, அதுவே போதும். அந்த வரி இருக்கட்டும்.

என்னைக் கோழை என்று நீ நினைத்தால் நினைத்துக்கொள்.


மார்ச் 11

அண்ணி,

கோழை என்று நான் நினைக்கவில்லை. கெட்டிக்காரி என்று நினைத்தேன். புகழ் வரும் என்றால் முதல் பெயர், பழி வரும் என்றால் உறவினர் ஒருவர். என் சீஃப்கூட இவ்வளவு வேகமாகப் பின்வாங்கவில்லை. அவர் பின்வாங்க மூன்று நாள் எடுத்துக்கொண்டார். "கணக்குப் பகுதியில் எனக்குப் பங்கில்லை" என்று அவர் ஜர்னலுக்கு எழுதி, தன் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டார்.

உங்கள் கடிதம் தாமதமாகிவிட்டது. உங்கள் புகார் முழுவதும் உண்மை என்று பிப்ரவரி இருபத்தைந்தாம் தேதியே ஜர்னலுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். சமன்பாடுகள் அனைத்தும் உங்களுடையவை, முதல் பெயர் உங்களுக்கே உரியது, தவறு என்னுடையது. நீங்கள் அனுப்பிய கையெழுத்துப் பிரதியும் அவர்களிடம் இருக்கிறது. ஏழாம் சமன்பாடு உங்கள் கையெழுத்தில், பை கொஞ்சம் வலது பக்கம் சாய்ந்து. அவர்கள் அதை ஏற்றுக்கொண்டு ஆசிரியர் வரிசையைத் திருத்திவிட்டார்கள். நீங்கள் முதல், நான் இரண்டாவது. சந்தோஷம்தானே?

இதோடு வைத்திருப்பது கட்டுரையைத் திரும்பப் பெறும் அறிவிப்பு. முதல் ஆசிரியர் கையெழுத்து இல்லாமல் செல்லாது என்கிறார்கள். நான் போட்டுவிட்டேன். உங்களுக்கான இடம் மேலே, எனக்கு மேலே காலியாக இருக்கிறது.

போடாமலும் விடலாம். உங்களை யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். அப்போது ஜர்னல் விசாரணைக் குழு போடும், ஏழெட்டு மாதம் ஆகும், அதுவரை கட்டுரை அப்படியே இருக்கும். போன வாரம் வேறு இரண்டு மருத்துவமனைகளிலிருந்து எனக்குக் கடிதம் வந்தது. அட்டை எப்படிச் செய்தீர்கள், எந்த அளவில் லேமினேட் செய்தீர்கள் என்று கேட்டிருந்தார்கள். மாட்டாதீர்கள் என்று எழுதிவிட்டேன். கேட்காமலே செய்து மாட்டியவர்கள் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்காமல்தானே மாட்டினேன்.

கையெழுத்துப் போட்டால், நீங்கள் எட்டு வருடம் ஆசைப்பட்ட இடத்தில் உங்கள் பெயர் ஏறும். தவறான சமன்பாட்டுக்கு மேலே, யார் எந்த ஊரில் எப்போது தேடினாலும் முதலில் கண்ணில் படும்படி. மேடையில் என் முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க ஆசைப்பட்டீர்கள். மெடல் வேண்டாம் என்று எழுதிவிட்டேன், அதனால் அது உங்களுக்குக் கிடைக்காது. இந்தத் தாளைப் பிரிக்கும்போது உங்கள் முகத்தைப் பார்க்க எனக்கும் ஆசையாகத்தான் இருக்கிறது. அண்ணனிடம் கேட்டுக்கொள்கிறேன்.


மார்ச் 14

குட்டிக்கு,

கேட்டுக்கொள். உன் அண்ணன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைப் படித்து முடித்ததும், "போடப் போறியா?" என்றார். முப்பது வருடத்தில் என் வேலையைப் பற்றி அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

போட்டுவிட்டேன். முதலெழுத்தோடு முழுப் பெயரும். சாயாமல் நேராக.

நீ ஜெயித்துவிட்டாய் என்று நினைத்துக்கொள்வதற்கு முன்னால் அறிவிப்பை இன்னொரு தடவை படி. "ஏழாம் சமன்பாட்டில் பிழை இருப்பதாகத் தெரியவந்ததால்" என்று நீ எழுதியிருந்தாய். எவ்வளவு நாசூக்கு! ஏதோ பல்லி மாதிரி அந்தப் பிழை தானாகவே சுவரேறி வந்தது போல. அதை அடித்துவிட்டேன். அதற்குப் பதிலாக, "இந்தப் பிழை தற்செயலானது அல்ல. வரைவைப் பெறுபவர் என்னைக் கேளாமல் வெளியிடுகிறாரா என்று அறிவதற்காக முதல் ஆசிரியராகிய நான் தெரிந்தே இதை வைத்தேன்" என்று எழுதியிருக்கிறேன்.

இதற்குப் பிறகு எந்த ஜர்னலும் என் தாளை வாங்காது. டிபார்ட்மென்டில் என்னைக் கூப்பிட்டு விசாரிப்பார்கள். பக்கத்து அறைப் பேராசிரியர் மாடிப்படியில் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தெரிந்தேதான் எழுதினேன். எனக்கு இப்போது பயம் இல்லை என்று சொன்னால் அது பொய்.

ஆனால் இதைப் படிக்கிற ஒவ்வொருவரும் அடுத்ததாக ஒன்று கேட்பார்கள். வரைவைப் பெற்றவர் யார், அவர் என்ன செய்தார், அதை எந்தக் குழந்தைக்குச் செய்தார், அந்தக் குழந்தை ஏன் பட்டியலில் இல்லை? அதற்கு நான் பதில் எழுதவில்லை. என் வரிக்குக் கீழே இரண்டு அங்குலம் காலியாக விட்டிருக்கிறேன். அது உன் இடம். நிரப்பு. நிரப்பாமல் அனுப்பினாலும் அந்தக் காலி இடம் அப்படியே அச்சாகட்டும் என்று ஜர்னலுக்குத் தனியாக எழுதிவிட்டேன்.

என்னை முதலில் நிறுத்தினாய் அல்லவா, நான் உன்னைப் பக்கத்திலேயே நிறுத்துகிறேன்.

அண்ணி


மார்ச் 21

அண்ணி,

இரண்டு அங்குலம் போதவில்லை. ஓரத்திலும் எழுதினேன். கேளாமல் எடுத்ததை, சீஃப் உங்கள் பெயரை எடுக்கச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டிருந்ததை, பெரிய சிஸ்டர் சொன்னபோது அலட்சியப்படுத்தியதை, பட்டியலில் சேர்க்காத அந்த முதல் குழந்தையை எழுதினேன். நீங்கள் என்னைக் குத்தியதில் ஒரு தப்பும் இல்லை. எழுதி முடிக்கும்வரை உங்களைத் திட்டிக்கொண்டேதான் எழுதினேன்.

ஆனால் நேற்று அனுப்பவில்லை. அச்சாகி வெளியே வருவதற்கு முன்னால் அந்தக் குழந்தையின் அம்மாவுக்குத் தெரிய வேண்டும் என்று தோன்றியது. இன்று அவர்களுக்குப் பரிசோதனை நாள். குழந்தையை அளந்து, மருந்தின் அளவைக் கூட்டி எழுதிவிட்டு, கதவைச் சாத்திவிட்டு, அறிவிப்பு முழுவதையும் படித்துக் காட்டினேன். உங்கள் வரி, என் வரி, இரண்டு கையெழுத்தும். புரியாத இடத்தை இரண்டாவது முறையும் சொன்னேன். அந்த அம்மா துணிக்கடையில் ரசீது போடுகிறவர். கத்துவார், அடிப்பார், ஆள் கூட்டி வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். எதிர்பார்த்தேன் என்ன, அவர் அப்படிச் செய்தால் எனக்கு நன்றாக இருக்கும் என்று நினைத்தேன்.

அவர் குழந்தையின் இடது கையைப் பிடித்து விரல்களை ஒவ்வொன்றாக விரித்துக்கொண்டிருந்தார். அந்தப் பயிற்சியைத் தினம் செய்யச் சொல்லியிருந்தேன். தலை நிமிராமலே கேட்டார்.

"மேல கையெழுத்து போட்டவங்க உங்களுக்கு யாரு?"

"எங்க அண்ணி."

"பேசிக்க மாட்டீங்களா?"

"கொஞ்ச நாளா இல்ல."

"பேசிக்கிட்டு இருந்தப்போதான் அவங்க தப்பா எழுதிக் குடுத்தாங்க. அப்பவும் நீங்க ஒரு வார்த்தை கேக்கல."

"கேக்கல."

அப்போதுதான் என்னைப் பார்த்தார். "என்ன சண்டைம்மா அது? எதுக்கான சண்டைல என் பொண்ணு மாட்டிக்கிட்டா?"

அண்ணி, இந்தக் கேள்விக்கு நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று தெரியவில்லை. எட்டு வருட உழைப்பு, திருட்டு, நியாயம் என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். எனக்கு வந்தது ஒன்றுதான். "யார் பேர் முதல்ல வரணும்னு" என்று சொன்னேன்.

அவர் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, மருந்துச் சீட்டை மடித்துப் பையில் வைத்தார். கதவு வரை போய்த் திரும்பினார்.

"இவளுக்கு இன்னும் பேரே வெக்கல, டாக்டர். கண்ணு முழிச்சு நல்லா ஆகட்டும்னு இருந்தோம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அறிவிப்பை அனுப்பிவிட்டேன்.